பால்மைரா: கடற்படைத் தளம் கடல் ஆய்வு நிலையமான கதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூடப்பட்ட ராணுவ இடங்களை என்ன செய்யலாம் என்று பேச்சு வரும்போதெல்லாம் நான் பால்மைரா தீவைச் சொல்வது வழக்கம். வாசகர் வட்டத்திலும் வாட்ஸ்அப்பிலும் அதற்குப் பிறகு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட ஒரே இடத்தில் தொகுத்து வைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

பால்மைரா எங்க இருக்கு? அங்க ஜனங்க யாராவது இருக்காங்களா?

பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாய்க்குத் தெற்கே சுமார் 1,600 கிலோமீட்டர் தொலைவில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 6 டிகிரிக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கும் பவளத்தீவு அது. ஒரே தீவாக இல்லாமல், காயலைச் சுற்றி வளையமாக அமைந்த குட்டித் திட்டுகளின் கூட்டமாக இருக்கும். நிலப்பரப்பு எல்லாம் சேர்த்து சுமார் 2.5 சதுர கிலோமீட்டர்தான். மழை மட்டும் ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. 1802இல் அங்கே ஒதுங்கிய அமெரிக்கக் கப்பலின் பெயர்தான் தீவுக்கும் நிலைத்துவிட்டது.

நிரந்தரக் குடிமக்கள் யாரும் இல்லை. நிலையப் பணியாளர்களும் வந்துபோகும் ஆய்வாளர்களும் சேர்ந்து ஒரு நேரத்தில் சுமார் 20 பேர் இருந்தாலே அதிகம். அமெரிக்காவின் நேரடி ஆட்சிப் பகுதி. ஹவாய் மாநிலமானபோது இதைத் தனியே பிரித்துவிட்டார்கள்.

யாருமே இல்லாத இடத்துக்குப் பட்டாளம் எதுக்குப் போச்சு?

தூரம்தான் காரணம். ஹவாயிலிருந்து தென்பசிபிக் பக்கம் பறக்கும் விமானங்களுக்கு வழியில் எரிபொருள் நிரப்ப ஓர் இடம் வேண்டியிருந்தது. இரண்டாம் உலகப்போருக்கு முன்பே அமெரிக்கக் கடற்படை வேலையைத் தொடங்கி, 1941 ஆகஸ்டில் பால்மைராவைக் கடற்படை விமான தளமாக அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று கடலில் மேலெழுந்து தீவைச் சுட்டதும் உண்டு. ஆனால் பெரிய சண்டை எதுவும் அங்கே நடக்கவில்லை.

சண்டை நடக்காவிட்டாலும் தீவு தப்பவில்லை. கப்பல் உள்ளே வர வேண்டும் என்று பவளப்பாறையைத் தோண்டிக் கால்வாய் வெட்டினார்கள். தோண்டிய மணலையும் பவளக் கல்லையும் கொட்டி ஓடுபாதை அமைத்தார்கள், திட்டுகளை ஒன்றோடொன்று இணைத்து வண்டி போகும் கரைப்பாதைகள் போட்டார்கள். ஒரே நீர்ப்பரப்பாக அலையோடு மூச்சுவிட்ட காயல் தனித்தனித் தொட்டிகளாகத் துண்டாகிவிட்டது. நீரோட்டம் தடைபட்டு, கலங்கிய வண்டல் படிந்து, காயலுக்குள் இருந்த பவளங்கள் மூச்சுமுட்டிச் செத்தன. குண்டு போட்டிருந்தால்கூட இவ்வளவு சேதம் ஆகியிருக்காது என்பது என் எண்ணம்.

போர் முடிஞ்சதும் கடற்படை போயிடுச்சு. ஆய்வு நிலையம் 2005லதான் வந்துச்சுன்னு சொல்றீங்க. நடுவுல அறுபது வருஷம் என்ன பண்ணாங்க?

தீவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு முதலில் தீர வேண்டியிருந்தது. 1922இலேயே ஹவாயைச் சேர்ந்த ஃபுல்லார்ட்-லியோ குடும்பம் பால்மைராவின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கியிருந்தது. அரசோ அது தன் நிலம் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1947இல் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பானது. கடற்படை வெளியேறிய ஆண்டும் அதுவே.

அதன்பிறகு தீவுக்குப் பல யோசனைகள் வந்து போயின. 1962இல் பசிபிக்கில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்கும் கருவிகளை அங்கே வைத்தார்கள். 1970களின் கடைசியில் அணுஉலைக் கழிவைச் சேமிக்கும் இடமாக்கலாமா என்றுகூட அரசு ஆராய்ந்தது. நல்லவேளை, அது நடக்கவில்லை. 2000ஆம் ஆண்டு தி நேச்சர் கன்சர்வன்சி என்ற தனியார் பாதுகாப்பு அமைப்பு சுமார் 3 கோடி டாலருக்குத் தீவை அந்தக் குடும்பத்திடமிருந்து வாங்கியது. 2001இல் பெரும்பகுதி தேசிய வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. ஓடுபாதை இருக்கும் கூப்பர் திட்டை அமைப்பு தன்னிடமே வைத்துக்கொண்டு 2005இல் ஆய்வு நிலையத்தைத் திறந்தது. பல பல்கலைக்கழகங்களும் அருங்காட்சியகங்களும் கூட்டாகச் சேர்ந்து அதில் ஆய்வு செய்கின்றன.

ஒரு தனியார் அமைப்பு தீவையே வாங்கிக்கிறது சரியா?

இந்தக் கேள்வி நியாயமானது. வாங்கியதோடு நின்றிருந்தால் எனக்கும் சந்தேகம்தான். வாங்கிய மறு ஆண்டே பெரும்பகுதி அரசின் புகலிடச் சட்டத்துக்குள் வந்தது. 2009இல் தீவைச் சுற்றி 50 கடல்மைல் வரை கடலும் தேசிய நினைவுச்சின்னம் என்ற பாதுகாப்பில் சேர்ந்தது. கூப்பர் திட்டு அமைப்பின் கையில், மற்ற நிலத்தின் பெரும்பகுதியும் கடலும் அரசின் கையில், ஆய்வு பல்கலைக்கழகங்களின் கையில் என்று பொறுப்பு பிரிந்திருப்பதால் ஒருவர் செய்வதை இன்னொருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. இங்கே யாரையும் குடிபெயர்த்துவிட்டு ராணுவம் வரவில்லை. மக்களை விரட்டி எடுத்த நிலமாக இருந்தால் முதல் உரிமை அந்த மக்களுக்குத்தான். அங்கே ஆய்வு நிலையம் என்ற பேச்சே அவர்கள் திரும்பிய பிறகு, அவர்கள் ஒப்பினால் மட்டுமே எழ வேண்டும்.

ராணுவம் கட்டினதையெல்லாம் அப்படியே பயன்படுத்திக்கிட்டாங்களா, இடிச்சுத் தள்ளிட்டாங்களா?

இரண்டும் நடந்தது. ஓடுபாதையை வைத்துக்கொண்டார்கள். அது இல்லாவிட்டால் ஆட்களும் கருவிகளும் கப்பலில் நாட்கணக்கில் வர வேண்டும், அவசரத்துக்கு நோயாளியை அனுப்பவும் வழியில்லை. கால்வாயும் அப்படியே இருக்கிறது. பதுங்குகுழிகள், பீரங்கி மேடைகள், துருப்பிடித்த இரும்புச் சாமான்கள் இன்னும் காட்டுக்குள் கிடக்கின்றன. கான்கிரீட் சுவரைக் கட்டிப்பிடித்து வேர் இறங்கிய மரங்களும், பதுங்குகுழி வாசலில் உட்கார்ந்திருக்கும் தென்னை நண்டும் அங்கே சாதாரணக் காட்சி.

படைமுகாமை ஆய்வு நிலையமாக மாற்றுவதை அறைகளுக்கு வெள்ளையடித்து நுண்ணோக்கி வைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டடம் எளிய பகுதி. படையோடு வந்து தங்கிவிட்ட உயிர்களும் அது மாற்றிவைத்த நீரோட்டமும்தான் கடினமான பகுதி. கீழே வரும் பதில்களில் பாதி அதைப் பற்றியதே.

எலி எல்லா ஊர்லயும்தான் இருக்கு. அங்க மட்டும் ஏன் அவ்வளவு பெரிய விஷயம்?

நம் வீட்டுக் கூரையில் ஓடும் அதே கருப்பு எலி. அதன் பூர்வீகமே இந்தியத் துணைக்கண்டம். கப்பல்களில் உலகெங்கும் பரவி, போர்க்காலத்தில் பால்மைராவுக்கும் போய்ச் சேர்ந்தது. நம் ஊரில் அதைப் பிடிக்கப் பூனை, பாம்பு, ஆந்தை எல்லாம் உண்டு. பால்மைராவில் அப்படி எதுவும் கிடையாது. தரையில் முட்டையிட்டே பழகிய கடற்பறவைகளுக்கு எலியிடமிருந்து தப்பத் தெரியாது. முட்டை, குஞ்சு, நண்டு, மரத்தின் விதை, முளைவிட்ட கன்று என்று எதையும் அது விடவில்லை.

2001இல் ஒருமுறை ஒழிக்க முயன்று தோற்றார்கள். தோல்விக்கு முக்கியக் காரணம் நண்டுகள். எலிக்கு வைத்த விஷ உருண்டைகளைத் தரை நண்டுகள் தின்று தீர்த்துவிட்டன. ரத்தம் உறையாமல் செய்யும் அந்த மருந்து நண்டைக் கொல்வதில்லை, அதனால் அவை தின்றுகொண்டே இருந்தன. எலிகளோ பாதி நேரம் தென்னையின் கொண்டையில் குடியிருந்தன, கீழே இறங்கவே தேவையில்லாமல். இதையெல்லாம் கணக்கில் எடுத்து 2011 ஜூனில் ஹெலிகாப்டரிலிருந்து விஷ உருண்டைகளைத் தூவினார்கள். நண்டுகளின் பங்கையும் சேர்த்தே அளவைக் கூட்டினார்கள். மரக் கொண்டைகளிலும் தனியாக வைத்தார்கள். இந்த முறை எலி ஒழிந்தது.

விஷத்தை வானத்துலேர்ந்து தூவுனா மத்த உயிருங்க சாகாதா?

செத்தன. மடவை மீன்கள் செத்தன, சில பறவைகளும் செத்தன. ஆய்வாளர்களே பின்னர் அதைக் கணக்கெடுத்து வெளியிட்டார்கள். அலாஸ்காவில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வந்து தங்கும் நீள்மூக்கு வலசைப் பறவை ஒன்று உலகெங்கும் சேர்த்தே எண்ணிக்கையில் குறைவானது. அதில் சிலவற்றை முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் வைத்துப் பராமரித்து, ஆபத்து தீர்ந்த பிறகு விட்டார்கள்.

இந்த விலை கொடுத்திருக்க வேண்டுமா என்று கேட்டால், வேண்டும் என்றே சொல்வேன். ஒருமுறை சாகும் மீனும் பறவையும் மீண்டும் பெருகும். எலி இருந்தால் சாவு ஆண்டுதோறும் தொடரும். அடுத்த சில ஆண்டுகளில் உள்நாட்டு மரக்கன்றுகள் 50 மடங்குக்கும் மேல் பெருகின. அதுவரை தீவில் யாரும் கண்டிராத நண்டு வகைகளும் கண்ணில் படத் தொடங்கின.

எலி போனதும் கொசுவும் போயிடுச்சுன்னு சொன்னது நிஜமா?

ஒரு வகைக் கொசு போனது நிஜம். தீவில் இரண்டு வகைக் கொசுக்கள் இருந்தன. ஒன்று ஆசியப் புலிக் கொசு, நமக்கு டெங்கு பரப்பும் வகைகளில் ஒன்று. அது பாலூட்டிகளின் ரத்தத்தை விரும்புவது. தீவில் இருந்த பாலூட்டிகள் எலியும் விரல்விட்டு எண்ணக்கூடிய மனிதர்களும்தான். எலி ஒழிந்தபின் வைத்த பொறிகளில் அந்தக் கொசு சிக்கவே இல்லை. பறவை ரத்தத்தில் வாழக்கூடிய இன்னொரு வகைக் கொசு இன்றும் இருக்கிறது. 2018இல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அப்படியானால் நம் தெருவிலும் எலியை ஒழித்தால் டெங்கு போய்விடுமா என்று அடுத்த கேள்வி உடனே வரும். போகாது. இங்கே அந்தக் கொசுவுக்கு நாமே இருக்கிறோம்.

தென்னையை வெட்டுறாங்களாமே! தென்னம்பிள்ளையை யாராவது வெட்டுவாங்களா?

இதைக் கேட்காத ஆளே இல்லை. பிள்ளை என்று சொல்லி வளர்க்கும் மரம், மனசு பதறத்தான் செய்யும். பொறுமையாகச் சொல்கிறேன்.

பால்மைராக் காட்டில் கிட்டத்தட்டப் பாதி தென்னையாகிவிட்டது. கொப்பரைக்காக நட்டவையும் அவற்றிலிருந்து தானாக விழுந்து முளைத்தவையும் சேர்ந்து உள்நாட்டு மரங்களை நெருக்கிவிட்டன. அந்த உள்நாட்டு மரங்களில் முக்கியமானது பிசோனியா. நம் வீட்டு வாசலில் கிளை ஒடித்து நட்டு வளர்க்கிறோமே, வெளிர்பச்சை இலை லச்சக்கொட்டைக் கீரை, அதே இனம்தான். நாம் ஆளுயரத்தில் கவாத்து செய்து பொரியலுக்குப் பறிக்கும் செடி அங்கே பல மாடி உயரத்துக்கு வளர்ந்து, அகலக் கிளை பரப்பி நிற்கிறது. சிவந்த காலுடைய பூபிப் பறவைகளும் ஆலாக்களும் கூடு கட்ட அந்தக் கிளைகள் தோது. தென்னையில் படுகிடையான கிளை கிடையாது, மட்டை காற்றில் ஆடிக்கொண்டே இருக்கும், பறவை அதிகம் தங்குவதில்லை.

பறவை தங்காவிட்டால் என்ன? கடலில் மீன் தின்றுவிட்டுக் காட்டில் எச்சமிடும் பறவைகள்தான் அந்த மண்ணுக்கு உரம். மழை அந்த உரத்தைக் கரைத்துக் கடலோரத்துக்குக் கொண்டுபோகிறது. அங்கே மிதவை உயிரிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னக் கொம்புத் திருக்கைகள் வருகின்றன. உள்நாட்டுக் காடு இருக்கும் கரையோரம் திருக்கை அதிகம், தென்னங்காட்டுக் கரையோரம் குறைவு. 2012இல் வெளிவந்த ஆய்வு இந்தச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் காட்டியது. கரையில் எந்த மரம் நிற்கிறது என்பது கடலில் எந்த உயிர் மேய்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இந்தத் தீவைப் பற்றி நான் படித்ததிலேயே என்னை மிகவும் அசைத்த விஷயம் இதுதான்.

எலி ஒழிந்தபின் தென்னங்கன்றுகளும் பல மடங்கு பெருகின, எலி அவற்றையும் தின்றுகொண்டிருந்ததால். அப்படியே விட்டால் எலி ஒழித்த பலன் முழுவதும் தென்னைக்கே போய்விடும். அதனால்தான் தென்னையைக் குறைத்து உள்நாட்டு மரங்களை நடும் வேலையில் இறங்கினார்கள். தஞ்சாவூரிலோ யாழ்ப்பாணத்திலோ தென்னையை வெட்டச் சொல்லும் வாதம் அல்ல இது.

ஆளே இல்லாத கடல்ல ஆராய்ச்சி பண்ணி நமக்கு என்ன லாபம்?

ஆளில்லாததே லாபம். மீன்பிடிப்பும் சாக்கடையும் இல்லாத பவளக் கடல் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் மற்ற கடல்கள் எவ்வளவு கெட்டிருக்கின்றன என்று அளக்க முடியும். 2008இல் வெளியான ஓர் ஆய்வு, அருகருகே இருக்கும் கிங்மன், பால்மைரா, தபுவாயெரான், கிரிஸ்மஸ் என்ற நான்கு இடங்களை ஒப்பிட்டது. முதல் இரண்டில் குடிகள் இல்லை, அடுத்த இரண்டில் உண்டு. ஆளில்லாத இடங்களில் மீன்களின் மொத்த எடையில் பாதிக்கும் மேல் சுறா போன்ற வேட்டை மீன்கள். ஆள் கூடக் கூட அந்தப் பங்கு சரிந்தது. பிற்பாடு பால்மைராவில் சுறாக்களுக்கு அடையாளப் பட்டை கட்டி எண்ணிப் பார்த்து, முக்குளிப்பவரைப் பார்க்கவே சுறாக்கள் கூடுவதால் முந்தைய கணக்கு கூடுதலாகிவிட்டது என்று 2017இல் திருத்தினார்கள். சாம்பல் நிறப் பவளச் சுறாக்கள் சுமார் 8,300 என்பது அந்தக் கணக்கு. ஒரே இடத்தில் நிலையமாக உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் எண்ணினால்தான் இப்படித் திருத்த முடியும்.

வேறு பயன்களும் உண்டு. புயல் கரையில் தூக்கிப்போட்ட பழைய பவளக் கட்டிகளைத் துளைத்து, கடந்த 1,100 ஆண்டுகளில் எல் நினோ எப்படி வந்துபோனது என்று பல காலத் துண்டுகளாகப் படித்து 2003இல் வெளியிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாவதுதான் எல் நினோ, நம் பருவமழையையும் ஆட்டிவைப்பது. 2015இல் கடல் சூடேறிப் பவளங்கள் பெரும்பாலும் வெளுத்தபோது, வழக்கமாகப் படமெடுக்கும் அதே கட்டங்களைத் தொடர்ந்து படமெடுத்தார்கள். பெரும்பகுதி பிழைத்துத் தேறியது அதில் தெரிந்தது.

பழைய கப்பலை மூழ்கடிச்சா மீன் பெருகும்னு சொல்றாங்க. அங்க ஏன் கஷ்டப்பட்டுக் கப்பலை எடுத்தாங்க?

அது கடற்படைக் கப்பல் இல்லை. 1991இல் தரைதட்டிய தைவான் மீன்பிடிக் கப்பல். அதைச் சுற்றி, பவளம் போலவே இருந்தாலும் கல்லெலும்பு இல்லாத ஓர் உயிரினம் பாய் விரித்ததுபோல் பரவி, உயிருள்ள பவளத்தை மூடியது. கப்பலிலிருந்து தள்ளிப்போகப் போக அது குறைந்தது. இரும்புச் சங்கிலியோடு நங்கூரமிட்ட மிதவைகளைச் சுற்றியும் அது இருந்தது. இரும்புச் சத்து மிகக் குறைவான அந்தக் கடலில் துரு கரைவதே அதற்குத் தீனி ஆகியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2013–14இல் கப்பலை வெட்டி அப்புறப்படுத்தினார்கள்.

நம் கரையோரம் செயற்கைப் பாறைகள் போடுவது வேறு நிலைமை. அங்கே வெறும் மணற்தரையில் கான்கிரீட் வடிவங்களை இறக்குகிறார்கள். பவளத்தின் மேலேயே இரும்பு உட்கார்ந்திருப்பதோடு அதை ஒப்பிட முடியாது.

கடற்படை போட்ட கரைப்பாதையை உடைச்சுட்டா காயல் பழையபடி ஆகிடாதா?

எளிதாகத் தோன்றும், ஆனால் எனக்குத் தெரிந்து இதுவே பால்மைராவின் மிகச் சிக்கலான கேள்வி. பாதைக்குப் பின்னால் பல பத்தாண்டு வண்டல் தேங்கியிருக்கிறது. சட்டென்று திறந்தால் அந்தச் சேறு வெளியே பாய்ந்து, இப்போது நலமாக இருக்கும் வெளிப்பக்கப் பவளத்தின் மேல் படியலாம். இரண்டாவது, தேங்கிய ஆழமற்ற பகுதிகளுக்குக் கரையோரப் பறவைகளும் மீன்களும் இதற்குள் பழகிவிட்டன. அதனால் நீரோட்டத்தைக் கணினியில் மாதிரியாக ஓட்டிப் பார்த்தே பேசுகிறார்கள்.

என் கருத்து: எலியை எடுத்ததுபோல் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்ற வேகம் இங்கே ஆகாது. எலி இருக்கும் ஒவ்வொரு நாளும் நட்டம், பாதைக்கு அப்படியில்லை.

ஆய்வாளர்களும் விமானத்துல போய் இறங்குறாங்க. அவங்களும் தொந்தரவுதானே?

ஆமாம். எறும்பு, செதிள்பூச்சி என்று ஆளோடு வந்த சிற்றுயிர்களால் பிசோனியா மரங்கள் பட்ட பாடு அங்கே எல்லோருக்கும் தெரியும். அதனால் துணிமணி புதிதாக இருக்க வேண்டும், அல்லது உறைபெட்டியில் வைத்து எடுத்திருக்க வேண்டும். செருப்பின் அடியில் ஒட்டிய விதையைக்கூடத் தேடி எடுப்பார்கள். ஒரு நேரத்தில் இருக்கும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைவாக வைத்திருப்பதும் இதற்காகவே.

இதே மாதிரி மூடின எந்த ராணுவ முகாமையும் கடல் ஆய்வு நிலையமா மாத்திடலாமா?

முடியும் இடங்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவோரம் டிபுரானில் கடற்படையின் நிலக்கரிக் கிடங்காகத் தொடங்கி, போர்க்காலத்தில் நீர்மூழ்கித் தடுப்பு வலைகள் செய்த இடத்தில் 1970களின் கடைசியில் பல்கலைக்கழகக் கடல் ஆய்வகம் வந்தது. சார்ல்ஸ்டனில் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டு புறப்பட்ட ஜான்சன் கோட்டை வளாகத்தில் இன்று கடல் ஆய்வகங்கள் இருக்கின்றன. படகுத்துறையும் ஆழமான நீரும் பட்டாளத்துக்கும் வேண்டும், கடலாய்வுக்கும் வேண்டும். அதனால்தான் இடம் பொருந்துகிறது.

கியூபாவில் இருக்கும் அமெரிக்கக் கடற்படைத் தளமான குவான்டனமோவையும் இப்படி மாற்றலாம் என்று 2016இல் ஜோ ரோமன், ஜேம்ஸ் கிராஸ்கா இருவரும் ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். கியூபாவும் அமெரிக்காவும் சேர்ந்து நடத்தும் ஆய்வு மையம் என்பது அவர்கள் யோசனை. நடக்கவில்லை. அந்த நிலத்தில் தளம் இருக்கலாமா என்பதிலேயே இரு நாட்டுக்கும் ஒப்புதல் இல்லை. கியூபா அந்தக் குத்தகையையே ஏற்பதில்லை. பால்மைராவிலும் சொத்து வழக்கு தீர்ந்த பிறகே மற்றதெல்லாம் தொடங்கியது என்று மேலே சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள். மூன்று விஷயங்களை நான் கேட்பேன்: நிலத்தின் உரிமை தீர்ந்ததா, விட்டுப்போன கழிவுக்குப் பொறுப்பு யார், நிலையம் திறந்து இருபது ஆண்டுக்குப் பிறகும் பணம் தருவது யார். மூன்றாவதற்குப் பதில் இல்லாமல் திறப்பு விழா நடத்துவதில் எனக்குச் சம்மதமில்லை.

நம்ம பசங்க அங்க போய் வேலை செய்ய முடியுமா? சும்மா சுத்திப் பாக்கவாவது?

பயணிகள் விமானம் கிடையாது. பாய்மரப் படகில் வருபவர்களில் சிலருக்கு முன்கூட்டியே அனுமதி தருகிறார்கள். ஆய்வுக்குப் போக வேண்டுமானால் நிலையத்தோடு சேர்ந்த பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கோ அதற்குப் பிந்தைய ஆய்வுக்கோ சேர்வதுதான் நடைமுறையில் வழி. கடல் உயிரியல் மட்டும் படித்தவர்களுக்கு என்று இல்லை. பறவை, பூச்சி, மண், நீரோட்டக் கணிதம், பவளத்தின் வேதியியல் எதுவானாலும் அங்கே வேலை இருக்கிறது. முக்குளிக்கும் சான்றிதழ் இருந்தால் கூடுதல் பலம். தீவிலிருந்து வெளியான கட்டுரைகளில் பலவற்றை இணையத்தில் காசில்லாமலே படிக்கலாம். எலி, கொசு, திருக்கை மூன்றிலும் ஆளுக்கு ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு வந்தால் அடுத்த கூட்டத்தில் அதையே பேசலாம்.